ஒரு குத்துவாளின் பூர்வீகம்

பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் சென்ற குடும்பங்களின் வீடுகளில், பெயர் தெரியாத பழம்பொருள் ஒன்றேனும் இருக்கக் காணலாம். பர்மாவிலிருந்து வந்த அரக்குச் சிமிழ், கொழும்பிலிருந்து வந்த ஆமையோட்டுச் சீப்பு, மலேயாவிலிருந்து வந்த பிரம்புக் கூடை என்று அவை பரண்மீது உறங்கிக் கிடக்கும். கொண்டுவந்தவர் உயிரோடு இருக்கும் வரையில் அதற்கு ஒரு வரலாறு உண்டு. கேட்பவருக்கு அவர் சொல்வார். அவர் மறைந்து இரண்டு தலைமுறை கழியுமாயின் அது வெறும் பொருளாகிவிடும். அதனினும் இடர் தருவது, அதற்குப் பொய் வரலாறு ஒன்று பிறந்துவிடுவதாகும். மைசூர் நகரின் ஹெப்பாள் பகுதியில், எங்கள் தெருவிலேயே வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றின் பூசையறைக் குத்துவாளுக்கு இத்தகைய நிலை நேரவிருந்தது.

ஆயுத பூசையன்று அவ்வீட்டில் தையற்பொறி, அரிவாள்மணை, மகனுடைய மடிக்கணினி, ஸ்கூட்டர் சாவி ஆகியவற்றின் நடுவே அக்குத்துவாளையும் வைத்துச் சந்தனப் பொட்டிடுவது வழக்கம். அலகு ஏறத்தாழ 14 அங்குல நீளம். பாம்பு நெளிந்து செல்வது போன்று அதில் 9 வளைவுகள். கரிய இரும்பின்மீது, தண்ணீரில் எண்ணெய் படர்ந்தாற்போல வெண்ணிறக் கோடுகள் ஓடும். மரத்தாலான பிடியைக் கண்டால், கைகளைக் கட்டிக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் நினைவுக்கு வருவார். சிலருக்கு அதுவே பறவைத் தலையாகத் தோன்றும். உறையின் மேற்பகுதி படகு போல் அகன்றது. கீழ்த்தண்டை முகர்ந்தால் சந்தனம் மணக்கும்.

வீட்டில் அதனைப் 'பிச்சுவா' என்றே அழைத்து வந்தனர். வளைந்த கத்தி எதுவாயினும் நம்மவர்க்குப் பிச்சுவாதான். குடகிலிருந்து வந்த அலுவலக நண்பர் ஒருவர், கொடவர்கள் இடுப்பில் செருகும் பீச்சேக்கத்தியின் உறவாக இருக்கலாம் என்றார். இவையெல்லாம் தீங்கற்ற ஊகங்கள். பழம்பொருள் வாங்கி விற்கும் தரகர் ஒருவர் வந்த பிறகுதான் தொல்லை தொடங்கியது. அவர் கத்தியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், உறையை முகர்ந்தார், "இது திப்பு சுல்தான் காலத்து மைசூர் உருக்கு, சந்தன உறையே சாட்சி" என்று தீர்ப்பளித்தார். அத்துடன் நில்லாமல், பிடியை மட்டும் மாற்றிப் புலித்தலைப் பிடி ஒன்றைப் பொருத்தி, அலகையும் அமிலத்தில் தோய்த்துப் பளபளப்பாக்கினால் வெளிநாட்டில் விலை பன்மடங்காகும் என்றும் ஆசை காட்டினார்.

ஆசைப்பட்டதில் வியப்பில்லை. திப்புவின் படுக்கையறை வாள் எனப்படும் வாளொன்று 2023 மே மாதம் இலண்டன் ஏலத்தில் 1 கோடியே 40 லட்சம் பவுனுக்கு விலைபோன செய்தியை மைசூரில் படிக்காதவர் இலர். நண்பருக்கோ வீட்டுக் கடன் பாக்கி. மகளின் மேற்படிப்பு வேறு வாசலில் நிற்கிறது. "நீர் பழைய நாணயம், தபால்தலை என்று அலைபவராயிற்றே, பார்த்துச் சொல்லும்" என்று என்னிடம் கத்தியைக் கொணர்ந்தார். நான் மைய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். ஆவணம் இல்லாத கோரிக்கையை ஏற்பதில்லை என்பது எங்கள் தொழிற்பழக்கம். கத்தி எதையாவது ஆவணமாகக் காட்டுகிறதா என்று பார்ப்போம் என்றேன்.

முதலில் பிச்சுவா என்ற பெயரைக் கழிக்க வேண்டியிருந்தது. பிச்சுவா என்பது தேளைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்து வந்த பெயர். அதன் அலகு எருமைக் கொம்பைப் போல் இருமுறை வளையும். பிடி, விரல்களை நுழைத்துப் பற்றும் உலோக வளையமாக இருக்கும். பீச்சேக்கத்தியோ ஒருபுறம் மட்டும் கூருடையது. நம் கையிலிருந்த கத்தி இருபுறமும் கூருடையது. மேலும் பிடியை ஒட்டிய இடத்தில் அலகு திடீரென ஒருபுறமாக அகன்று, இருபக்கமும் ஒவ்வாத வடிவம் கொள்கிறது. இவ்வடிவத்தை நான் வேறெங்கோ கண்டிருக்கிறேனே என்று இரண்டு நாள் மனம் அலைந்தது. பிறகு என் நாணயப் பேழையிலேயே விடை கிடைத்தது. 1989இல் வெளிவந்த மலேசிய நாட்டின் பொன்னிற ஒரு ரிங்கிட் நாணயத்தில் இதே வடிவம் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதுதான் கெரிஸ்.

கெரிஸ் ஜாவாத் தீவில் பிறந்து, பாலி, சுமத்ரா, சுலாவெசி, மலாய் தீபகற்பம், தென் தாய்லாந்து, தென் பிலிப்பைன்ஸ் வரை பரவிய குத்துவாள். அதன் பழமைக்குச் சான்றுகள் பல. நாட் என்ற டச்சுக்காரருக்கு ஜாவாவின் பாக்கு ஆலம் அரச குடும்பம் பரிசளித்த கெரிஸ் ஒன்றில் சக ஆண்டு 1264, அதாவது கி.பி. 1342, பொறிக்கப்பட்டுள்ளது. லாவு மலைச்சரிவிலுள்ள 15ஆம் நூற்றாண்டுச் சுக்கு கோயிலில் ஒரு புடைப்புச் சிற்பம் உண்டு. அதில் பீமன் கொல்லனாக அமர்ந்து அலகைச் செய்கிறான். அருச்சுனன் துருத்தி இயக்குகிறான். இருவருக்கும் நடுவே யானைமுகன் ஆடுகிறான். நம் புராண மாந்தர் அங்கே சென்று கொல்லுலை வைத்திருக்கிறார்கள் என்பதை அறிந்தபோது நண்பருடைய தாயார் மிக மகிழ்ந்தார். பாலித் தீவில் 210 நாளுக்கு ஒருமுறை 'தும்பெக் லண்டெப்' என்ற நாளில் கெரிஸ் முதலிய இரும்புப் பொருள்களுக்குப் பூசை செய்கின்றனர். இக்காலத்தில் மோட்டார் சைக்கிளுக்கும் மாலை விழுகிறதாம். "நம் ஆயுத பூசையேதான்" என்றார் அம்மையார்.

பெயர் கிடைத்துவிட்டது; ஊர் கிடைக்கவில்லை. கெரிஸ் என்று சொன்ன மாத்திரத்தில் ஊர் விளங்கிவிடாது. ஏனெனில் அது ஒரே பொருளன்று. அலகு, பிடி, உறை ஆகிய மூன்றும் தனித்தனியே கழன்று வருபவை. தனித்தனியே பழுதுபட்டு, தனித்தனியே மாற்றப்படுபவை. அலகு மூன்று நூற்றாண்டு வாழும், பிடி உடையும், உறை கறையானுக்கு இரையாகும். கைமாறும்போது புதிய உரிமையாளர் தம் ஊர் வழக்கப்படி உடை மாற்றிவிடுவார். நம்மூரிலும் இவ்வாறு நடந்ததுண்டு. தஞ்சை அரண்மனை ஆயுதசாலையில் இருந்து சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்த ஆயுதங்களில், தஞ்சைக் கைவினைஞரின் அழகிய பிடியும் ஐரோப்பிய வாளின் அலகும் இணைந்த கட்டாரிகளைக் காணலாம். பிடியைக் கண்டு அலகின் ஊரைச் சொல்பவர் அங்கே ஏமாறுவார். ஆகவே மூன்று உறுப்புகளையும் மூன்று சாட்சிகளாகக் கொண்டு தனித்தனியே விசாரிப்பது என முடிவு செய்தோம்.

முதற் சாட்சி அலகு. பாலி நாட்டு அலகுகள் பெரியவை, கனத்தவை. மேற்பரப்பை மழமழவென்று தேய்த்து வைப்பர். மிந்தனாவோ, சூலூ தீவினரின் கெரிஸ் வெட்டுவதற்குரிய வாளாகவே வளர்ந்துவிட்டது. சுமத்ராவில் ஒல்லியான நீண்ட நேரலகு உண்டு. பூகிஸ் மக்களின் அலகு குட்டையாகவும் உறுதியாகவும் இருக்கும். ஜாவா அலகு மெல்லியது. விரல் வைத்துத் தடவினால் அதன் மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். நண்பர் வீட்டு அலகை நாங்கள் தடவியபோது பழைய கருங்கல் படியைத் தடவுவது போன்றிருந்தது. அடிப்பகுதியின் ஒருபுறம் சுருண்ட சிறு துதிக்கை. யானைத் துதிக்கை என்றே மலாயிலும் அதற்குப் பெயர். மறுபுறம் வாள்பல் போன்ற சிறு வெட்டுகள். அவற்றின் நடுவே ஜாவா நெடுங்கணக்கின் ஓர் எழுத்து வடிவம் ஒளிந்திருக்கும் என்று படித்திருந்தேன். பூதக்கண்ணாடியில் அது தெரிந்தபோது நானும் நண்பரும் ஒருங்கே குரலெழுப்பினோம். வளைவுகளை அடியிலிருந்து மாறி மாறி எண்ண வேண்டும். எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படையாகவே அமையும். அலகின் அடியில் தனித்துண்டாகச் செய்து பொருத்தப்பட்ட குறுக்குப் பகுதிக்கு மலாயில் 'கஞ்சா' என்று பெயர். "இதை எழுதி வைக்காதீர், காவலர் வந்துவிடப் போகிறார்" என்றார் நண்பர்.

வெண்ணிறக் கோடுகளுக்கு வருவோம். தரகர் மைசூர் உருக்கு என்றதற்கு இவையே காரணம். மைசூர் உருக்கும் உலகப்புகழ் பெற்றதுதான். அதை மறுக்க நான் யார்? உக்கு என்ற கன்னடச் சொல்லும் உருக்கு என்ற தமிழ்ச் சொல்லும் உறவுடையவை. ஆங்கிலேயர் அதனை 'ஊட்ஸ்' என்று எழுதினர். 1800இல் மைசூர் நாட்டைச் சுற்றிப் பார்த்த புக்கானன், அது செய்யப்படும் முறையை விரிவாக எழுதியிருக்கிறார். கூம்பு வடிவ மண்மூசையில் இரும்புத் துண்டையும் ஆவாரங்குச்சியையும் சில பச்சிலைகளையும் இட்டு வாயை மண்ணால் மூடி, கரியுலையில் வைத்துத் துருத்தியூதி உருக்குவர். குச்சியிலும் இலையிலும் உள்ள கரி இரும்போடு கலந்து, உயர்ந்த உருக்குக் கட்டியாகிறது. நம் வயல்வரப்பு ஆவாரைதான் பாரசீகத்து வாள்களுக்கும் வலிமை தந்தது என்பதை எண்ணும்போது பெருமையாகவே இருக்கிறது.

ஆயின் ஊட்ஸ் அலகில் தெரியும் கோலம், ஒரே கட்டி உருக்கின் உள்ளே கரிச்சேர்மம் வரிவரியாகப் படிவதால் தோன்றுவது. பட்டுத்துணியின் நீரோட்டம் போன்று அது நுண்மையாக இருக்கும். கெரிஸின் கோலம் வேறு வகையில் பிறப்பது. அதற்குப் 'பாமோர்' என்று பெயர். கலப்பு என்பது பொருள். 'எம்பு' எனப்படும் கொல்லர், சாதாரண இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் அடுக்கடுக்காக வைத்துக் காய்ச்சி அடித்து, மடித்து மீண்டும் அடித்து, நடுவில் கூருக்கென உருக்குத் தகடு ஒன்றைச் செருகி அலகாக்குவார். பரோட்டா மாவை மடித்து மடித்து இழுப்பதை நினைத்துக் கொள்ளலாம். முடிந்த அலகை எலுமிச்சைச் சாற்றிலும் பாஷாணக் கரைசலிலும் கழுவினால் இரும்பு கறுக்கும். நிக்கல் உள்ள வரிகள் வெள்ளியாய் மின்னும். எனவே, கோடுகளில் நிக்கல் உண்டா என்று கண்டால் வழக்கு பாதி தீர்ந்துவிடும்.

இதற்கு ஆய்வுக்கூடம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. இப்போது நகையின் மாற்றுப் பார்ப்பதற்கு எக்ஸ் கதிரால் உலோகத்தை அறியும் பொறி ஊர்தோறும் வந்துவிட்டது. எனக்கு அறிமுகமான மாற்று நிலையத்தார், கடை மூடும் நேரத்தில் கொண்டுவரச் சொன்னார். தங்கத்துக்கென அமைந்த பொறி இரும்பை அளந்து துல்லியமான விழுக்காடு தராது. எந்தெந்த உலோகம் இருக்கிறது என்று சொல்வதற்கு அது போதும். கரும்பகுதியில் இரும்பு மட்டும் காட்டியது. வெண்கோட்டில் இரும்புடன் நிக்கலும் காட்டியது. ஊட்ஸ் அன்று என்பது அத்துடன் உறுதியாயிற்று. நாங்கள் எதிர்பாராத இன்னொன்றையும் பொறி காட்டியது. அலகு முழுவதிலும் ஆர்செனிக்கின் சுவடு; அதாவது பாஷாணம்.

இதைக் கேட்டதும் நண்பர் திகைத்து நின்றுவிட்டார். காரணம் பிறகு சொன்னார். பூசை முடிந்ததும் அந்தக் கத்தியைத் தொட்டவர் எவராயினும் சீயக்காய்ப் பொடியிட்டுக் கைகழுவிய பின்பே பிரசாதத்தைத் தொடலாம் என்பது அவருடைய தாயார் விதித்த விதி. ஆசாரம் என்று பிள்ளைகள் நகைப்பார்களாம். தாயாருக்கும் காரணம் தெரியாது. அவருடைய தந்தை சொன்னது, அவ்வளவே. கத்தியைக் கொடுத்தவர் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். பாஷாணக் கழுவல் கண்ட பழைய கெரிஸ் யாரிடமேனும் இருப்பின், அவர்களும் இவ்விதியைக் கைக்கொள்வது நலம். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைப்பது அதனினும் நலம்.

நிக்கல் என்றவுடன் நண்பரின் மகன் "அப்படியானால் விண்கல்" என்று துள்ளினான். அவன் சொன்னதிலும் செய்தி உண்டு. ஜாவாவின் பிரம்பானன் கோயிலருகே விழுந்த விண்கல்லின் பெரும்பகுதியை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுரகர்த்தா அரண்மனைக்குக் கொண்டுசென்றனர். அதிலிருந்து எடுத்த இரும்பால் அரச குடும்பத்துக்குப் பல கெரிஸ்கள் செய்யப்பட்டன. எனினும் நிக்கல் உள்ளதெல்லாம் விண்கல் ஆகிவிடாது. சுலாவெசித் தீவின் லூவு பகுதி இரும்பிலும் நிக்கல் உண்டு. விண்கல் அருகிவிட்ட காலத்தில், யோக்யகர்த்தாவில் வாழ்ந்த டச்சு மருத்துவர் குரோனெமன் கடையில் வாங்கிய நிக்கலையே கொல்லர்களுக்குக் கொடுத்துப் பழக்கினார். கண்ணாடி போல் மின்னும் பாமோர் கண்டால் அது 20ஆம் நூற்றாண்டாக இருக்கலாம் என்று ஐயுறுவதே அறிவுடைமை. நம் கத்தியின் கோடுகள் மங்கல் வெள்ளை. விண்கல் என்ற சொல்லை எங்கள் குறிப்பில் நான் சேர்க்கவில்லை, மகனுக்கு வருத்தந்தான்.

இரண்டாம் சாட்சியாகிய பிடியைக் கழற்றுவதற்கு எனக்குத் துணிவு வரவில்லை. நண்பரே மெல்லத் திருகினார். கெரிஸின் பிடி ஆணியால் பிணிக்கப்படுவதில்லை. அலகின் மெல்லிய வாலில் துணியையோ நாரையோ சுற்றி இறுகச் செருகப்படுகிறது. இந்தப் பிடியின் வடிவத்துக்கு மலாயில் 'ஜாவா டெமாம்' என்று பெயர். காய்ச்சல் கண்ட ஜாவாக்காரர் என்பது பொருள். குளிரில் கைகட்டிக் குறுகி உட்கார்ந்தவரைப் போலிருப்பதால் அப்பெயராம். சுமத்ராவுக்கும் மலாய் நாட்டுக்கும் உரியது. ஜாவா அலகுக்கு இது பிறந்தவீட்டு உடையன்று. பிடியின் துளைக்குள் துணிக்குப் பதிலாகக் காகிதம் சுற்றியிருந்தது. பிரித்துப் பார்த்தால் பழுப்பேறிய செய்தித்தாள் துண்டு. அதில் தமிழ் எழுத்துகள். ஏதோ விளம்பரத்தின் பாதி. ஜாவாவின் அலகையும் மலாய்ப் பிடியையும் இறுக்கிப் பிணைத்திருந்தது தமிழ்ச் செய்தித்தாள்.

உறையின் மேலே உள்ள படகு வடிவப் பகுதியும் மலாய் நாட்டு முறையே. ஜாவா உறைகளின் கோணங்கள் வேறு. சந்தனத் தண்டு மட்டும் முரண்டு பிடித்தது. ஜாவாவிலும் கெரிஸ் உறைக்குச் சந்தனம் பயன்படும். தீமோர், சும்பா தீவுகளின் சந்தனம் நம் மைசூர்ச் சந்தனத்தின் அதே இனம். மணத்தைக் கொண்டு மாநிலம் சொல்ல முடியாது என்று நான் எழுதி வைத்தேன்.

இதற்குள் தரகர் இரண்டாம் முறை வந்தார். ஜாவா என்று தெரிந்ததும் அவர் சற்றும் தளரவில்லை. திப்புவை விட்டுவிட்டு வேறு கதைக்குத் தாவினார். 1811இல் ஆங்கிலேயர் ஜாவாவைப் பிடித்தபோது இங்கிருந்து சென்ற படைவீரர் கொள்ளையடித்து வந்த அரண்மனைக் கெரிஸ் இது என்றார். இக்கதையை எளிதில் தள்ள முடியாது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் இருந்தவரும், பின்பு மைசூர் நாட்டை அளந்தவருமாகிய காலின் மெக்கன்சி, ஜாவாப் படையெடுப்பில் தலைமைப் பொறியாளராகச் சென்று 1813 வரை அங்கிருந்தார். தமிழர் பெரும்பான்மையாகச் சேர்ந்த சென்னைப் பயனியர் படையும் சென்றது. அதன் வழிவந்த பெங்களூர்ச் சேப்பர்ஸ் படைக்கு 'ஜாவா' என்ற போர் விருது இன்றும் உண்டு. 1812 சூனில் யோக்யகர்த்தா அரண்மனை சூறையாடப்பட்டதும் வரலாறே. நண்பர் மீண்டும் கணக்குப் போடத் தொடங்கிவிட்டார்.

அதுவரை எங்கள் ஆராய்ச்சியை ஊஞ்சலில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த நண்பரின் தாயாரை எவரும் சாட்சியாக அழைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவருக்கு 80க்கு மேல் வயது. பிறந்தது கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணிக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டம். தந்தை அங்கே கிராணி. (மலேயாவில் எழுத்தரைக் கிராணி என்பர், என் இனம்.) "அம்மா, இது உங்கள் அப்பாவுக்கு எப்படி வந்தது?" என்று கேட்டேன்.

"இத்தனை நாள் என்னைக் கேட்காமல் இரும்பையே கேட்டுக்கொண்டிருந்தீர்களே தம்பி" என்று சிரித்தார். பிறகு சொன்னார். ஜப்பான்காரன் காலம். அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்கே சோறு. தோட்டத்துக்கு அடுத்த கம்பத்தில் வாழ்ந்த மலாய்க்காரர் ஒருவர் ஓர் இரவில் வந்து இந்தக் கத்தியை வைத்துவிட்டு, ஒரு மூட்டை அரிசியில் பாதி வாங்கிச் சென்றார். தொட்டால் கைகழுவ வேண்டும் என்று சொன்னவர் அவரே. போர் முடிந்தது, அவர் திரும்பவில்லை. சயாம் இரயில் பாதைக்குப் போனவர்களோடு போனார் என்று சிலர் கூறினர். தந்தை கம்பத்துக்குச் சென்று தேடினார், வீடு காலி. பள்ளிவாசலில் சொல்லி வைத்தார். 1953இல் குடும்பம் ரஜூலா கப்பலேறும் வரை எவரும் வரவில்லை. கப்பலில் டிரங்குப் பெட்டி விழுந்து உறையின் தண்டு பிளந்தது. பின்னாளில் மைசூருக்குக் குடிவந்த பிறகு, சந்தன வேலை செய்யும் ஒருவரிடம் தந்தையே புதுத் தண்டு செய்வித்தார். தரகர் சொன்னதில் தண்டு மட்டும் உண்மை.

"பரிசாகக் கொடுத்தது என்றுதானே தாத்தா சொல்வார்?" என்றார் நண்பர். "உன்னிடம் அப்படிச் சொல்லியிருப்பார். என்னிடம் சொன்னது வேறு. அது கொடுத்தது இல்லை, வைத்தது. மீட்க ஆள் வரவில்லை, அவ்வளவுதான். ஆயுத பூசைக்கு ஏன் அதற்குத் தனியாக ஒரு பிடி அரிசி வைக்கிறேன் என்று நீ ஒருநாளாவது கேட்டாயா?" என்றார் அம்மையார். நண்பர் அதன்பின் கணக்குப் போடவில்லை.

வயது முதிர்ந்தவரின் நினைவைச் சான்றாகக் கொள்ளலாமா என்று கேட்பவர் உண்டு. அருங்காட்சியகங்களும் இத்தகைய சான்றையே நம்பியிருக்கின்றன. ஜாவாப் போரை 1825 முதல் 1830 வரை நடத்திய இளவரசர் திப்பனகாராவின் கெரிஸ், 1831இல் டச்சு மன்னருக்கு அளிக்கப்பட்டு, பின்பு பல கெரிஸ்களுக்கு நடுவே அடையாளம் தொலைந்து கிடந்தது. பாமோரைப் பார்த்து மட்டும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. இளவரசரின் படைத்தலைவர் செந்தோத் எழுதிய கடிதமும், அக்கடிதத்தின் ஓரத்தில் ஓவியர் ராதென் சாலே எழுதி வைத்த குறிப்பும் கிடைத்ததால்தான் லைடன் அருங்காட்சியகத்தார் அதனை இனங்கண்டு 2020 மார்ச்சில் இந்தோனேசியாவிடம் ஒப்படைத்தனர். அதன் பிறகும் அங்கே அறிஞரிடையே இதுதானா அது என்ற வழக்கு எழுந்தது. கண்ணால் கண்டவர் எழுதிய நாலு வரி இல்லையென்றால் அந்த வழக்கு எழுவதற்கும் இடமிருந்திராது.

ஆகவே மறுநாளே முழுத்தாள் எடுத்து, அலுவலகப் பதிவேட்டைப் போல் கட்டம் போட்டேன். அலகு: ஜாவா, 9 வளைவு, நிக்கல் பாமோர், பாஷாணச் சுவடு. பிடி: மலாய் அல்லது சுமத்ரா. உறை மேல்: மலாய். உறைத் தண்டு: மைசூர்ச் சந்தனம். செய்தித்தாள் துண்டை உறையிலிட்டு இணைத்தோம். அம்மையார் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதி, தேதியிட்டு, அவரிடம் கையொப்பம் வாங்கினோம். தோட்டத்தின் பெயரும் கம்பத்தின் பெயரும் அத்தாளில் உண்டு, இங்கே எழுதவில்லை. 'உடைமையாளர்' என்ற கட்டத்தில் நண்பர் தம் பெயரை எழுதத் தொடங்கினார். அம்மையார் தடுத்து, 'அடகு' என்று எழுதச் சொன்னார். அப்படியே எழுதினோம். சுங்கை பட்டாணியில் உள்ள உறவினர் ஒருவருக்குப் படமும் விவரமும் அனுப்பி, அந்தக் கம்பத்தில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறோம். இதுவரை மறுமொழி இல்லை.

தரகர் மூன்றாம் முறை வந்தபோது, நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதை மட்டும் எடுத்துரைத்தேன். அவர் தேநீர் அருந்திவிட்டுச் சென்றார்.

எஞ்சியது பராமரிப்பு. அவ்வீட்டில் இதுகாறும் தேங்காயெண்ணெய் தடவி வந்தனர். அது நாளடைவில் பிசினாகி அழுக்கைப் பிடிக்கும். திருநீற்றால் தேய்ப்பது பாமோரை அரிக்கும். ஜாவாவில் கெரிஸுக்குச் சந்தனத் தைலமும் மலர்த் தைலமும் கலந்து பூசுவர் என்று அறிந்ததும், மானந்தவாடிச் சாலையிலுள்ள அரசுச் சந்தன எண்ணெய்த் தொழிற்சாலையின் விற்பனை நிலையத்துக்கு நானும் நண்பரும் சென்றோம். விலையைக் கேட்டு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இருப்பதிலேயே சிறிய குப்பியை வாங்கி வந்து, அம்மையாரின் தையற்பொறி எண்ணெயில் நான்கு சொட்டுக் கலந்து பூசினோம். கையைச் சீயக்காயிட்டுக் கழுவிய பின்புதான் எங்களுக்குக் காப்பி கிடைத்தது.